ஓர் ஊரும் ஓர் ஓடையும்: மெட்லராய்ட்டின் எல்லை வரலாறு

செருமனி நாட்டில், பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், ஹோஃப் நகருக்கு வடக்கே, மெட்லராய்ட் என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. ஆங்கு வாழ்வோர் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது பேர். உழவும் கால்நடையுமே அவ்வூரின் பழந்தொழில். ஊரின் நடுவே டான்பாக் என்னும் ஓடை செல்கின்றது. ஓடை எனினும் பெரிதன்று. வளர்ந்த ஒருவன் ஓரடியில் தாண்டிவிடலாம். ஓடைக்கு ஒருபால் உள்ள வீடுகள் பவேரியாவைச் சேர்ந்தவை. மறுபால் உள்ளவை தூரிங்கியா மாநிலத்தைச் சேர்ந்தவை. இச்சிறு நீர்க்கோடு ஒரு காலத்தில் இரு சிற்றரசுகளின் எல்லையாக இருந்தது. பின்னர் இரு நாடுகளின் எல்லையாயிற்று. அதன் பின்னர் உலகையே இரு கூறாக்கி நின்ற இரு படைக்கூட்டுகளின் எல்லையாகவும் ஆயிற்று. நீரின் போக்கு மாறவில்லை. எல்லையின் பொருளே மாறியது.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பலரும் மதிலில் தொடங்கி மதிலில் முடிப்பர். 1966-ஆம் ஆண்டில் ஊரின் நடுவே எழுந்த கற்காரை மதிலே அவர்தம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அது வியப்பன்று. எனினும் மதிலை மட்டும் நோக்குவார்க்கு ஒரு வினா எழாமலே போகின்றது. டான்பாக் ஓடை மதிலுக்கு முந்நூறு ஆண்டுகட்கு மேலாக எல்லையாகவே இருந்தது. அங்ஙனமிருந்தும் ஊர் பிரியாமல் இருந்தது எவ்வாறு? மதில் இடிந்து முப்பது ஆண்டுகட்கு மேலாகியும் சில வேறுபாடுகள் ஓடையின் இரு கரையிலும் நிலைத்திருப்பது எதனால்? இவ்விரு வினாக்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு முன் ஒரு சொல் விளக்கம் வேண்டும். தமிழில் ‘ஊர்’ என்னும் சொல்லும், அலுவலக வழக்கில் வரும் ‘கிராமம்’ என்னும் சொல்லும் ஒரு பொருளன அல்ல. மக்கள் கூடி வாழும் இடம் ஊர். வரியும் பதிவும் கருதி ஆட்சியாளர் வகுத்துக் கொண்ட அலகு கிராமம். ஒரு கிராமத்துள் பல ஊர்கள் அடங்குதலும் உண்டு. ஓர் ஊர் இரு கிராமங்களில் கிடத்தலும் உண்டு. செருமானிய மொழியிலும் இவ்வேறுபாடு உள்ளது. ‘டோர்ஃப்’ என்பது ஊர். ‘கெமைண்டே’ என்பது ஆட்சி அலகு. மெட்லராய்ட் ஓர் ஊரே அன்றி ஓர் ஆட்சி அலகு அன்று. அதன் பவேரியப் பகுதி டேப்பன் என்னும் அலகினுள் அடங்கும்; தூரிங்கியப் பகுதி கெஃபெல் என்னும் சிறு நகராட்சியுள் அடங்கும். ஊர் ஒன்று, கிராமம் இரண்டு என நம் வழக்கில் கூறலாம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், இவ்வூரின் வரலாறு முழுவதும் ஊர் என்பதற்கும் அலகு என்பதற்கும் இடையே நிகழ்ந்த இழுபறி என்பது தெளிவாகும்.

ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் ‘ராய்ட்’ என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலம் எனப் பொருள்படும். இவ்வீறு வடகிழக்குப் பவேரியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது. பைராய்ட் என்னும் புகழ்பெற்ற நகரின் பெயரிலும் இதுவே நிற்கின்றது. இடைக்காலத்தில் மரம் வெட்டி வேர் அகழ்ந்து குடியேறிய உழவர் தம் உழைப்பையே ஊருக்குப் பெயராக்கினர் என்க. ஆட்சியாளர் பெயரோ எல்லைக் குறிப்போ இவ்வீற்றில் இல்லை. ஊரை ஆக்கியவர் நிலந்திருத்தியோர்; பிரித்தவர் வேறு.

16-ஆம் நூற்றாண்டிலேயே டான்பாக் ஓடை இரு ஆட்சிகட்கு எல்லையாக இருந்தமை அறியப்படுகின்றது. ஒருபால் பைராய்ட் எல்லைக்காவற் சிற்றரசு; மறுபால் ராய்ஸ் மரபினரின் ஷ்லைட்ஸ் நிலம். ராய்ஸ் மரபினரைப் பற்றிய ஒரு செய்தி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அம்மரபில் பிறந்த ஆண்மக்கள் அனைவர்க்கும் ஹைன்ரிஹ் என்னும் ஒரே பெயர். ஆட்சிக்கு வருவோர்க்கு மட்டுமன்றிக் குடும்பத்தின் ஆண்மகவு ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டே வேறுபடுத்தினர். மூத்த கிளையினர் நூறு வரையில் எண்ணிச் சென்றனர். இளைய கிளையினர் நூற்றாண்டு பிறக்குந்தோறும் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கினர். வரலாற்று மாணவர்க்கு இது தலைவலி. ஆயினும் மெட்லராய்ட்டின் வடகரை உழவனுக்கு ஆள்வோன் எத்தனையாம் ஹைன்ரிஹ் என்பதனால் விளைந்த வேறுபாடு மிகுதியாக இருந்திராது.

பைராய்ட் நிலம் நெப்போலியப் போர்க்காலத்தில் கைமாறிக் கைமாறி, 1810-ஆம் ஆண்டில் பவேரிய அரசின்கீழ் வந்தது. புதிய ஆட்சி தன் எல்லையைத் தெளிவுறக் குறிக்க விழைந்தது இயல்பே. ஆகவே ஓடையை ஒட்டி எல்லைக் கற்கள் நடப்பெற்றன. கல்லின் ஒருபுறம் ‘பவேரிய முடியரசு’ என்பதன் முதலெழுத்துகளும் மறுபுறம் ‘ராய்ஸ் சிற்றரசு’ என்பதன் முதலெழுத்துகளும் பொறிக்கப்பெற்றன. பிற்கால நிகழ்ச்சிகட்கெல்லாம் அடியாக நின்றவை இக்கற்களே; அவற்றை நட்டவர்கட்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

எல்லைக்கல் நட்டவுடன் ஊர் பிரிந்ததா? இல்லை என்பதே சான்றுகள் தரும் விடை. ஊர்ப் பிள்ளைகள் கற்ற பள்ளி வடகரையில், அஃதாவது ராய்ஸ் நிலத்தில் இருந்தது. ஊரார் மாலையில் கூடிய உணவு விடுதியும் அக்கரையிலேயே இருந்தது. ஞாயிறு வழிபாட்டிற்கோ இரு கரையாரும் பவேரிய நிலத்திலுள்ள டேப்பன் தேவாலயத்திற்குச் சென்றனர். கல்விக்கு ஓர் அரசு. கடவுட்கு மற்றோர் அரசு. ஒரு கரையார் மறுகரையார்க்கு எல்லாவற்றிலும் கடன்பட்டிருந்தனர் என்று கூறுதல் மிகையாகாது. இந்நிலையில் ஓடை ஊரைப் பிரித்தது என்பதினும், அதன் இருகரைத் தேவைகளும் ஊரை ஒன்றோடொன்று பிணித்தன என்பதே பொருந்தும்.

எல்லை வெறுங்கோடாக இருந்தது என்று கூறிவிடவும் இயலாது. வரி, வழக்கு, படைச்சேவை ஆகியவை ஓடையால் வேறுபட்டன. பண்டங்கட்குச் சுங்கமும் ஒருகாலத்து வேறாகவே இருந்தது. ஆனால் 1834-ஆம் ஆண்டு தொடக்கத்தில் செருமானியச் சுங்கக் கூட்டு நடைமுறைக்கு வந்தபோது பவேரியாவும் தூரிங்கியச் சிற்றரசுகளும் ஒருங்கே அதன் உறுப்பாயின. சுங்க அளவில் ஓடை எல்லையாக இருத்தல் அன்றோடு ஒழிந்தது. 1871-இல் இரு கரையும் ஒரே செருமானியப் பேரரசுள் அடங்கின. 1918-இல் முடிமன்னரும் சிற்றரசரும் ஒருசேர நீங்கினர். ராய்ஸ் நிலம் 1920-இல் ஏனைய சிறு நாடுகளோடு சேர்ந்து தூரிங்கியா மாநிலம் ஆயிற்று. இங்ஙனம் காலஞ்செல்லச் செல்ல எல்லையின் வலி குறைந்துகொண்டே வந்தது. 1930-ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஓர் ஊர்ப் பெரியவரை வினவியிருப்பின், ஓடை எல்லை என்பது தாளில் மட்டும் உள்ள செய்தி என்றே கூறியிருப்பார் எனக் கருதலாம்.

ஈண்டே வரலாற்றின் திருப்பம் நிகழ்கின்றது. அது நிகழ்ந்த இடம் மெட்லராய்ட் அன்று, இலண்டன் மாநகர். இரண்டாம் உலகப்போர் முடியுமுன்னரே, வெற்றி பெறின் செருமனியை எவ்வாறு பகுத்து ஆள்வது என நட்பு நாடுகளின் குழு ஒன்று இலண்டனில் ஆராய்ந்தது. 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் உடன்படிக்கை எழுதப்பெற்றது. புதிய கோடுகளை நிலத்தில் வரைவதினும் ஏற்கெனவே உள்ள மாநில, மாவட்ட எல்லைகளைக் கொள்ளுதலே எளிதாகத் தோன்றிற்று. ஆதலின் பவேரியாவின் வட எல்லை உருசியப் பகுதியின் தென் எல்லையாகவும் ஆக்கப்பட்டது. அவ்வட எல்லையின் ஓர் இம்மியே டான்பாக் ஓடை. சிற்றரசர் நட்ட கற்கள் வழியே சென்ற கோட்டை, பயனற்றுப்போன கோட்டை, தூதர்கள் நிலப்படத்தில் கண்டெடுத்து மீண்டும் உயிர்ப்பித்தனர். பழைய எல்லை ஒன்று அழியாமல் தாளில் கிடப்பின், அது என்றேனும் ஒருவர்க்குப் பயன்படக்கூடும். எவர்க்கு, எதற்கு என்பதை முன்னறிதல் அரிது. ஆட்சி அலகுகளை ஆராயும் மாணவர் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்க வேண்டும்.

1945-இல் முதலில் வந்தவர் அமெரிக்கப் படையினர். அவ்வாண்டு சூலையில் தூரிங்கியாவை விட்டு அவர்கள் விலக, உருசியப் படையினர் வந்தனர்; அவர்கள் மெட்லராய்ட்டின் பவேரியக் கரையிலும் நின்றனர். 1946-இல்தான் பவேரியப் பகுதியை விட்டு நீங்கினர். அதன் பின்னர் ஓடையே உருசிய, அமெரிக்கப் பகுதிகளின் வரம்பாயிற்று. 1949-இல் இரு செருமானிய நாடுகள் தோன்றின. வடகரை கிழக்குச் செருமனியின் பகுதியும், தென்கரை மேற்குச் செருமனியின் பகுதியும் ஆயின. எனினும் தொடக்கத்தில் நுழைவுச் சீட்டு வைத்திருப்போர் ஓடையைக் கடந்து வயலுக்கும் உறவினர் வீட்டிற்கும் சென்று வர முடிந்தது. அரசுகள் இரண்டாயின, ஊர் இன்னும் ஒன்றாகவே இருந்தது.

ஊர் உண்மையாகப் பிரிந்த நாளைக் குறிக்க வேண்டின், 1966-ஐ அன்று, 1952-ஐயே குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாண்டு மே 26-ஆம் நாள் கிழக்குச் செருமானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. எல்லைக் கோட்டை ஒட்டிப் பத்து மீட்டர் அகல நிலம் உழுது வெறுமையாக்கப்பட்டது. அதில் அடிவைத்தாரின் சுவடு தெரியும். அதனை அடுத்து ஐந்நூறு மீட்டர் காவற்பட்டை. அதற்கப்பால் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திற்குத் தடைப்பகுதி. இப்பகுதியுள் வாழ்வோர்க்குத் தனி முத்திரை. வெளியூரார் உரிய இசைவின்றி நுழையலாகாது. மெட்லராய்ட்டின் வடகரையோ முழுவதும் ஐந்நூறு மீட்டர் பட்டைக்குள் அடங்கிவிட்டது. ஓடையை ஒட்டி ஆளுயரப் பலகை வேலி எழுந்தது. பலகை வேலி என்பதன் கருத்தை நோக்க வேண்டும். கம்பி வேலியாயின் கடத்தலை மட்டும் தடுக்கும். பலகை வேலி காண்டலையும் தடுக்கும். அயல்வீட்டார் ஒருவரையொருவர் காணாதவாறு செய்தலே அதன் நோக்கம் என்பது வெளிப்படை.

அவ்வாண்டிலேயே எல்லை ஓரத்து மக்களுள் ஆட்சியாளரின் நம்பிக்கைக்கு உரியரல்லர் எனக் கருதப்பட்டோர் வீடும் நிலமும் விட்டு நாட்டின் உட்பகுதிக்குக் கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். எல்லை நெடுகிலும் அவ்வாறு அகற்றப்பட்டோர் எண்ணாயிரத்தின் மேலர். தூரிங்கியாவில் இந்நடவடிக்கை ‘தீங்குயிர்’ எனப் பொருள்படும் பெயரால் அறியப்படுகின்றது. எலி, பூச்சி முதலிய ஒழிக்கத்தக்க உயிர்களைச் செருமானியர் அச்சொல்லால் குறிப்பர். 1961-இல் இரண்டாம் முறையாக மூவாயிரத்தின் மேலர் அகற்றப்பட்டபோது, சில வட்டாரங்களில் அச்செயலுக்கு இட்ட பெயர், வயல்வெளியில் பூக்கும் ஒரு நீலப் பூவின் பெயர். செயல் ஒன்றே, முன்னது வெறுப்பை வெளிப்படக் கூறுகின்றது, பின்னது மறைக்கின்றது. சொல்லாராய்ச்சி உடையார் இவ்விரண்டனுள் கொடியது யாது எனக் கேட்பின், விடை எளிதன்று. யான் பின்னதையே கூறுவேன். வெறுப்புச் சொல் செய்வோனை அடையாளங் காட்டும், பூவின் பெயரோ அவனை மறைத்து வைக்கும்.

பலகை வேலியை அடுத்துக் கம்பி வேலி வந்தது. 1966-இல் எழுநூறு மீட்டர் நீளமும் 3.3 மீட்டர் உயரமும் உடைய கற்காரை மதில் எழுந்தது. காவற்கோபுரமும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும் உடன் அமைந்தன. இரு செருமனிகட்கும் இடைப்பட்ட எல்லை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர்; அதன் பெரும்பகுதி வேலியே. ஊரின் வீடுகள் எல்லையை ஒட்டி நெருங்கி நின்றமையால் மெட்லராய்ட்டில் மதில் தேவையாயிற்று. இவ்வொப்புமை கண்டு அமெரிக்கப் படையினர் இவ்வூரைச் ‘சிறு பெர்லின்’ என அழைத்தனர். அப்பெயர் இன்றும் வழங்குகின்றது.

அப்பெயர் கவர்ச்சியுடையது, ஆயினும் பொருத்தமுடையதா என்பது ஐயத்திற்குரியது. பெர்லின் இலட்சக்கணக்கானோர் வாழும் மாநகர். ஆங்கு மதிலுக்கு அப்பால் வாழ்வோருட் பெரும்பாலோர் ஒருவர்க்கு முன்பின் அறியாதவரே. மெட்லராய்ட்டிலோ மதிலுக்கு அப்பால் எழும் புகை எவர் வீட்டு அடுப்பினது என்பது தெரியும். குரைக்கும் நாய் எவருடையது என்பது தெரியும். இறந்தோர்க்கு அடிக்கும் மணி எவர்க்கு என்பது மட்டும் தெரியாது போகக்கூடும். மாநகரில் மதில் மக்கள் திரளைப் பிரித்தது. சிற்றூரில் பெயரறிந்த மனிதரைப் பிரித்தது. சிறுமை பெருமை நோக்கிப் பெயரிட்டோர் இவ்வேறுபாட்டை நோக்கினாரல்லர்.

மதில் காலத்து வாழ்க்கையில் ஒரு செய்தி மொழியாராய்வோர்க்குத் தனியே உரியது. கிழக்குக் கரையார் மேற்குக் கரையாரை நோக்கிக் கையசைத்தலும் வாழ்த்துக் கூறலும் தடுக்கப்பட்டிருந்தன. மேற்கேயுள்ளோர் கையசைப்பதைத் தடுப்பார் இல்லை. மறுமொழி மட்டும் வாராது. வாழ்த்து என்பது இருவர் வினை. ஒருவர் கூறுவதும் மற்றவர் ஏற்றுக் கூறுவதும் சேர்ந்தே அது நிறைவெய்தும். விடையற்ற வாழ்த்து சில காலத்தில் தேய்ந்து ஒழிதல் இயல்பு. மேற்குக் கரைக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வண்டிகளில் வந்து மதிலைக் கண்டு சென்றனர். அவர்கள் கண்டது அறிமுகமற்ற ஒரு காட்சி. ஊரார் கண்டது தம் உறவினர் வீட்டுக் கூரை. 1983-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாள் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் சார்சு புஷ் இவ்வூருக்கு வந்து, தாமும் ஒரு மெட்லராய்ட்டார் என்று கூறிச் சென்றார். இருபது ஆண்டுகட்கு முன் கென்னடி பெர்லினில் பேசியதன் எதிரொலி அது. மதிலைக் கடந்து தப்பியோர் பற்றிய வரலாறு மிகக் குறுகியது: 1973-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் ஏணியின் துணையால் மதிலேறி மேற்கே சேர்ந்தார்.

இழப்பு கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். உரிமை இழந்தவர் அவரே, அதில் ஐயமில்லை. ஆயினும் பள்ளியும் விடுதியும் அக்கரையில் நின்றுவிட்டமையால் மேற்குக் கரையாரும் தம் ஊரின் பாதியை இழந்தனர். அவர்தம் தெரு ஓடையோடு முடிந்தது. கிழக்குக் கரையாரோ டேப்பன் தேவாலயத்தை இழந்தனர். முன்னர்க் கூறிய இருகரைப் பிணைப்பு எத்துணை உறுதியாக இருந்ததோ, அத்துணையே அறுபட்டபோது இழப்பும் பெரிதாயிற்று.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. மெட்லராய்ட்டார் மேலும் ஒரு திங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. திசம்பர் 9-ஆம் நாளே நடந்து செல்வோர்க்கு மதிலில் வழி விடப்பட்டது. ஓரடியில் தாண்டத்தக்க ஓடையைக் கடக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1990-ஆம் ஆண்டு சூன் 17-ஆம் நாள் மண்வாரி எந்திரம் கொண்டு மதிலின் பெரும்பகுதி வீழ்த்தப்பட்டது. அந்நாள் 1953-இல் கிழக்குச் செருமனியில் எழுந்த கிளர்ச்சியின் நினைவு நாளாதலின், தற்செயலாகக் கொண்ட நாளன்று. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இரு நாடுகளும் ஒன்றாயின.

ஊர் ஒன்றாயிற்றா? ஆட்சி அலகு என்னும் நோக்கில் இல்லை. நாட்டெல்லை மறைந்து, அதன் அடியிற் கிடந்த மாநில எல்லை மேலே வந்தது. இன்றும் இவ்வூர்க்கு இரண்டு நகர, ஊர்த் தலைவர்கள். இரண்டு அஞ்சற் குறியீட்டெண்கள். இரண்டு தொலைபேசி வட்டார எண்கள். வண்டிகளின் பதிவெழுத்துகளும் இருவகை. பள்ளிக் கல்வி மாநிலத்தின் பொறுப்பாதலின், பாடத்திட்டமும் விடுமுறையும் வேறு.

விடுமுறை பற்றி ஒரு செய்தி. அக்டோபர் 31-ஆம் நாள் மார்ட்டின் லூதரின் சமயச் சீர்திருத்த நினைவு நாள். தூரிங்கியாவில் அரசு விடுமுறை, பவேரியாவில் வேலை நாள். மறுநாள் நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். பவேரியாவில் விடுமுறை, தூரிங்கியாவில் வேலை நாள். ஆகவே முதல்நாள் ஓடையின் ஒரு கரை ஓய்வெடுக்க மறுகரை உழைக்கின்றது. அடுத்த நாள் முறை மாறுகின்றது. இவ்வேறுபாட்டை அவ்வூராரின் சமய வேறுபாடு என்று எண்ணுதல் தவறாகும். ஹோஃப் வட்டாரம் லூதர் நெறி வழிவழி வேரூன்றிய இடமே. கத்தோலிக்கம் மிகுந்த பவேரியாவின் பொதுச்சட்டம் அவ்வட்டாரத்தையும் தழுவுகின்றது, அவ்வளவே. இரு கரையாரும் முற்காலத்தில் ஒரே தேவாலயத்தில் வழிபட்டனர் என்பதை முன்னரே கண்டோம். இன்று அவர்தம் திருநாளை வகுப்பது அத்தேவாலயம் அன்று; தொலைவில் உள்ள இரு தலைநகரங்கள்.

இனி வாழ்த்துச் சொல். பவேரியக் கரையில் எதிர்ப்படுவோரை ‘குரூஸ் கொட்’ என்று வாழ்த்துவர். கடவுள் உம்மை வாழ்த்துக என்பது அதன் சொற்பொருள். தூரிங்கியக் கரையில் ‘கூட்டன் டாக்’ என்பர். நன்னாள் என்பது அதன் பொருள். இவ்வூரைப் பற்றி எழுதுவோர் இதனைத் தவறாது கூறுவர்; ஆனால் விளக்கம் தருவோர் சிலரே. கடவுட்சொல் ஒரு கரையிலும் கடவுளற்ற சொல் மறுகரையிலும் இருத்தலால், இது பொதுவுடைமை ஆட்சியின் விளைவு எனச் சிலர் எளிதில் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு ஏற்புடையதன்று. ‘குரூஸ் கொட்’ என்பது தென்செருமனிக்கும் ஆஸ்திரியாவிற்கும் பொதுவான வழக்கு. ‘கூட்டன் டாக்’ நடுப்பகுதிக்கும் வடபகுதிக்கும் உரியது. மதில் எழுமுன்னரே இவ்விரு வழக்குகளும் உள்ளன.

ஆயினும் வழக்கெல்லை ஒன்று ஒரு சிற்றூரின் நடுவே, ஓரடி அகல ஓடையில் வந்து துல்லியமாக நிற்பது இயற்கைக்கு மாறானது. மொழி வழக்குகள் பல காத தூரத்திற்கு ஒன்றோடொன்று கலந்து மெல்ல மாறுவனவே அன்றி, எல்லைக்கல்லைக் கண்டு நிற்பன அல்ல. அவ்வட்டாரத்துப் பிராங்கோனிய, வோக்ட்லாந்து வழக்குகளும் மாநில எல்லைகளைக் கடந்து பரவியவையே. ஒரே பள்ளியில் பயின்று, ஒரே விடுதியில் உரையாடி, ஒரே தேவாலயத்தில் வழிபட்டோர் நாள்தோறும் கூறும் வாழ்த்தில் இங்ஙனம் கூரிய வேறுபாடு கொண்டிருந்தனர் என்று கருதுதல் அரிது. ஆகவே வழக்குகள் இரண்டும் பழமையன. அவை ஓடையில் வந்து பிரிந்து நின்றது பிற்காலத்தது எனக் கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஒவ்வொரு கரையும் வெவ்வேறு பள்ளிக்கும் கடைக்கும் அலுவலகத்திற்கும் முகந்திரும்பிய நாற்பது ஆண்டுகளில், ஒவ்வொன்றும் தத்தம் பின்னே கிடந்த பெருநிலத்தின் வாழ்த்தைத் தனதாக்கிக் கொண்டது. வாழ்த்துக் கூறல் தடுக்கப்பட்ட இடத்தில் வாழ்த்துச் சொல்லே வேறுபாட்டின் அடையாளமாக எஞ்சி நின்றது.

இவ்வேறுபாடுகளை நீக்க வழியில்லையோ எனின், சட்டத்தில் வழி உண்டு. செருமானிய அடிப்படைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஐம்பதினாயிரம் பேர்க்கு மேற்படாத பகுதிகளை மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து மாற்றிக்கொள்ள இடந்தருகின்றது. மெட்லராய்ட்டின் மக்கள் தொகைக்கு அவ்வரம்பு மிகப் பெரிது. எனினும் 1990-க்குப் பின்னும் இவ்வூர் இரு மாநிலங்களிலேயே இருந்து வருகின்றது. இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். 1834-க்கும் 1944-க்கும் இடைப்பட்ட ஊர் வரலாற்றைக் கற்றவர் அவ்வாறு விரைந்து கூறார். இரு அலகுகளில் ஓர் ஊராக வாழ்தல் இவ்வூரார்க்குப் புதிதன்று. அவர்தம் பாட்டன்மார் அதனையே நாள்தோறும் செய்தனர்.

மதிலின் ஒரு பகுதி, ஏறத்தாழ நூறு மீட்டர், இடிக்கப்படாமல் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது. காவற்கோபுரமும் வேலியும் அருகே உள்ளன. 1990-இல் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1994-இல் செருமானிய - செருமானிய அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. இதனைப் பேணுவோர் ஹோஃப், சாலே - ஓர்லா, வோக்ட்லாந்து ஆகிய மூன்று மாவட்டங்களும் டேப்பன், கெஃபெல் ஆகிய இரு அலகுகளும் கூடிய கூட்டமைப்பு. வோக்ட்லாந்து சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்தது. 2015-இல் ‘டான்பாக்’ என்னும் பெயரால் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் வந்தது. அதில் வரும் ஊர் கற்பனையே எனினும் அதற்குத் தூண்டுகோலாய் நின்றது மெட்லராய்ட். தொடரைக் கண்டு வருவோர் பலரும் மதிலின்முன் நின்று படம் எடுத்துக் கொள்கின்றனர். முழங்கால் உயரமே உள்ள பழைய எல்லைக் கற்களை நோக்குவோர் குறைவு. 1810-இல் நட்ட அக்கற்களுட் சில ஓடைக்கரையில் இன்றும் நிற்கின்றன; பொறித்த அரசுகள் இரண்டும் மறைந்தன; அவை குறித்த கோடு மாநில எல்லையாக இன்றும் செல்கின்றது.